அட்டைப் படகில் ஓர் உயரமான நாற்காலி

அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது. எல்லாருக்கும் அவள் அரைமார்க்கு. ஆறாம் வகுப்பில் ஒரு பரீட்சையில் அரை மார்க் குறைந்துவிட்டதென்று, கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர், ஏழாம் வகுப்புக்கு வந்தும் உதிரவில்லை.

அப்பேர்ப்பட்டவளைப் பிடித்து, படு கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று பள்ளியில் நடந்த சனிக்கிழமை வகுப்பில் போட்டார்கள். அங்கே பாடப் புத்தகமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. பழைய மோட்டார், உடைந்த சைக்கிள் சக்கரம், கத்தரிக்கோல், டேப் என்று காயலான் கடை மாதிரி ஓர் அறை. டீச்சரிடம் எதைக் கேட்டாலும், "செஞ்சு பாரேன்" என்பார். பிள்ளைகள் அவருக்குச் 'செஞ்சுபாரு டீச்சர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வாரம் அரைமார்க்கு அழுதுகொண்டே போனாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வெள்ளிக்கிழமை வந்தாலே அவளுக்குத் தலைகால் புரியாமல் போனது.

அம்மாவுக்குத்தான் இது பிடிபடவே இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை அம்மாவுக்கு. கன்னம் வீங்கி வருகிறவர்களின் கோபத்தையெல்லாம் நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பெண்ணின் தலைமுடியில் பசை, நகத்தில் பெயிண்ட்.

"அட்டையை வெட்டி ஒட்டவா உன்னை ஸ்பெஷல் கிளாஸ்ல சேத்தாங்க? இதை எல்.கே.ஜி.யிலயே செஞ்சுட்டியேடி!"

"இது வேறம்மா."

"என்ன வேற? சனிக்கிழமை பெத்தவங்க வந்து பாக்கலாமாமே, வர்றேன். அப்பவும் எனக்கு ஒண்ணும் புரியலைன்னா, அடுத்த வாரத்துல இருந்து கணக்கு ட்யூஷன். மாஸ்டர்கிட்ட சொல்லி வெச்சாச்சு."

அம்மா சொன்னால் சொன்னதுதான். ஒரே ஒரு சனிக்கிழமையில் அம்மாவுக்குப் புரிய வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் காயலான் கடை அறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமைக்கு வைத்திருந்த வேலை என்ன தெரியுமா? அட்டைப் படகு! வெறும் அட்டையும் டேப்பும் வைத்து, ஆள் ஏறிப் போகிற படகு. பள்ளி நீச்சல் குளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கையால் துழாவிப் போக வேண்டும். கவிழ்ந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு. தண்ணீர் இடுப்பளவுதான், கூடவே நீச்சல் மாஸ்டர் விசிலும் கையுமாக நிற்பார்.

அரைமார்க்குக்கு ஜோடியாக வாய்த்தவள் வாயாடி. தூக்கத்தில்கூடப் பேசுகிற ஜாதி. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டிகளை வாயாடி தேடிக்கொண்டு வந்தாள், அரைமார்க்கு கணக்குப் போட்டாள். தன் எடை, படகின் எடை, எவ்வளவு தண்ணீரைத் தள்ளினால் மிதக்கும், எல்லாம் சுத்தமாக வந்தது. போன வாரமே மற்ற ஜோடிகள் தண்ணீரில் விட்டுப் பார்த்து, மூழ்கடித்து, கத்தி ரகளை பண்ணினார்கள்.

"நாமளும் ஒரு தடவை விட்டுப் பாக்கலாம்டி" என்றாள் வாயாடி.

"கணக்கு சரியா இருக்கு. அப்புறம் எதுக்கு நனைக்கணும்?"

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனி முட்டாள்தனம் உண்டு. விடை தெரிந்துவிட்டால் கேள்வியே தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்!

அதோடு விட்டாளா? மடித்த அட்டையில் உயரமாக ஒரு நாற்காலி செய்து படகின் நடுவில் ஒட்டினாள். சாய்ந்துகொள்ள முதுகுவேறு. எதற்கு இவ்வளவு உயரம் என்று வாயாடி கேட்டதற்கு, "கேப்டன்னா அப்படித்தான்" என்று மழுப்பினாள். உள்ளே இருந்த காரணம் வேறு. எந்த விழாவுக்கு வந்தாலும் அம்மா கடைசி வரிசையில், கதவுப் பக்கம்தான் உட்காருவாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் எழுந்து ஓட அதுதான் வசதி. அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருக்கிறவர்களின் தலைதான் தெரியும்.

சனிக்கிழமை குளத்தைச் சுற்றி ஒரே கூச்சல். அம்மா வந்தாள். கடைசி வரிசை, கதவுப் பக்கம், மடியில் கைப்பை. அரைமார்க்கு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறி, ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். படகு மிதந்தது! கணக்குப் போட்ட கோடு வரைக்கும்தான் தண்ணீர் வந்தது, ஒரு விரல் கூடக் குறைய இல்லை. கூட்டத்துக்கு மேலே அம்மாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் கையைத் தூக்கி ஆட்டினாள்.

அவ்வளவுதான். படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது, ஐயோ என்பதற்குள் கேப்டன் தலைகுப்புறத் தண்ணீரில்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மா சட்டென்று எழுந்து நின்றாள். அரை மார்க்குக்கே பட்டினி கிடந்த பெண், இந்த அவமானத்துக்கு என்ன ஆவாளோ என்று அம்மாவுக்குப் பதறியது. நீச்சல் மாஸ்டர் பிடித்துத் தூக்கிவிட்டார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக நின்றவள், எல்லாரும் பார்க்கக் குதிக்க ஆரம்பித்தாள்.

"டீச்சர்! மூழ்கலை டீச்சர், கவிழ்ந்துது!"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் செஞ்சுபாரு டீச்சர், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"மிதக்கறதுக்கு மட்டும்தான் நான் கணக்குப் போட்டேன். சாயறதுக்குப் போடவே இல்லை! என் எடை மொத்தமும் உச்சியில உக்காந்திருக்கு!" அவளுக்கு மூச்சு வாங்கியது. நிஜமாகவே கப்பல் கவிழ்ந்திருக்கிறது, இவளோ ஈறு தெரியச் சிரிக்கிறாள். "அடுத்து என்ன பண்ணணும்னு தெரியும் டீச்சர்!"

தெரிந்ததும்தான் முகம் கொஞ்சம் வாடியது. நாற்காலியைப் பார்த்தாள், கடைசி வரிசையைப் பார்த்தாள். கீழே தாழ்ந்து கிடந்தால் படகு போகும், ஆனால் அங்கிருந்து பார்க்கிறவளுக்கு வெறும் அட்டைதான் தெரியும். அம்மா பார்க்காவிட்டால் இத்தனை பாடும் எதற்கு?

"என்னடி யோசிக்கறே? அட்டை ஊறிக்கிட்டே இருக்கு!" என்று வாயாடி அலறினாள்.

அரைமார்க்கு நாற்காலியைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பிய்த்தாள். அதைத் தட்டையாக்கி, ஊறிப்போன அடிப்பாகத்தின் மேல் போட்டு இரண்டு பேருமாக டேப் சுற்றினார்கள். வாயாடி பேசாமல் வேலை செய்தது சரித்திரத்திலேயே அன்றைக்குத்தான். பிறகு அரைமார்க்கு படகுக்குள் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் வெளியே விட்டாள். விசில் ஒலித்தது.

துழாவு, துழாவு! கண்ணுக்கு எதிரே அட்டை, காதில் தண்ணீர்ச் சத்தம், அதைத் தவிர ஒன்றும் இல்லை. படகு ஆடியது, ஆனால் சாயவில்லை. பாதி வழியில் வயிற்றுக்குக் கீழே ஜில்லென்று தண்ணீர் கசிந்தது. அட்டை கொழகொழக்க ஆரம்பித்தது. கை கழன்றுவிடும்போல் வலித்தது. அப்போதுதான் பக்கத்திலேயே, குளத்தின் விளிம்பில், யாரோ தொண்டை கிழியக் கத்துவது கேட்டது.

"வலது கை! வலது கையை நல்லாப் போடுடி! கோணலாப் போறே! விடாதே, விடாதே!"

ஆஸ்பத்திரி மேஜையில் குரல் உயர்த்தாமல் பேசிப் பழகிய அதே தொண்டை! தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பை, ஈரத் தரையில் வழுக்கி வழுக்கிப் படகோடு கூடவே ஓடி வருகிறாள் அம்மா. நீச்சல் மாஸ்டர் "அம்மா, ஓடாதீங்க!" என்று விசில் ஊத ஊத, யார் காதில் விழுகிறது!

அரைமார்க்கின் விரல் எதிர்க் கரையைத் தொட்டது. அதற்காகவே காத்திருந்த மாதிரி படகு இரண்டாகப் பிளந்து, களுக்கென்று உள்ளே போனது. கரையில் மண்டியிட்டு அம்மாதான் அவளைக் கைபிடித்துத் தூக்கினாள். ஈரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதில் ஆஸ்பத்திரிக்குப் போடுகிற நல்ல உடுப்பு தொப்பலாக நனைந்தது.

"அந்த நாற்காலியை எதுக்குடி அவ்ளோ உயரத்துல வெச்சே?"

பல் தந்தியடிக்க, அரைமார்க்கு குனிந்துகொண்டு சொன்னாள். "நீ கடைசி வரிசையில உக்காருவேல்லம்மா. அங்கேருந்து தெரியணும்னு."

கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அம்மா எடுக்கவில்லை. கைக்குட்டையால் மகளின் தலையைப் பரபரவென்று துவட்டினாள். அந்தச் சின்னக் கைக்குட்டை அதற்குள் முழுக்க நனைந்திருந்தது.

"அடுத்த தடவை தாழ்வாவே வை" என்றாள். "நான் முன்னாடி வந்து உக்காந்துக்கறேன்."