அன்று யாரும் வாசிக்கவில்லை

2018-ஆம் ஆண்டு மே மாதம் இருபத்தைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டு மணிக்கு, கொலோனியா அல்மாதா நகரின் தலைமைச் சதுக்கத்தில், தேசிய நாள் விழா மேடையில் அமர்ந்திருந்த மாகாணச் சிம்பொனி இசைக்குழுவினர் நாற்பத்து நான்கு பேரும் நடனத் தொகுப்பின் இரண்டாம் நடனத்தை முடித்து, வில்லையும் குழலையும் இறக்கி, பக்கத்தைத் திருப்பினர். இசை நிற்கவில்லை. ஒலிபெருக்கிகளில் அதே நடனம் முதலிலிருந்து மறுபடியும் தொடங்கி, ஒரு நிமிடம் பத்து விநாடிக்கு, ஒருவர் கையும் அசையாத மேடையின் மேல் கணீரென்று ஒலித்தது.

இசை நடத்துநர் மட்டும் கோலை வீசிக்கொண்டிருந்தார். வயலின்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவர் வில்லைத் தூக்கி, எந்த இடம் என்று தெரியாமல் இறக்கினார்கள். முதல் வரிசையில் ஆளுநர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார். சிரிப்பு பின்னாலிருந்து, லோக்ரோ என்னும் சோளக் கூழ் வாங்க நின்ற வரிசையிலிருந்து கிளம்பியது. கையில் கிண்ணத்தோடு நின்ற ஒருவன், "ஏய், பேய் வாசிக்குதுடா" என்றான். அதற்குப் பிறகு சதுக்கம் முழுவதும் சிரித்தது.

இசைத்தாள் காப்பாளர் எர்மெலிந்தா சுபியெத்தா மேடையின் இடப்பக்கப் படியில், மடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் இருந்தவை துணி காயப்போடும் மரக் கிளிப்புகள். திறந்தவெளிக் கச்சேரிகளில் தெற்கத்திக் காற்று தாள்களை அள்ளிக்கொண்டு போகாமலிருக்க, இருபத்தெட்டு ஸ்டாண்டுகளுக்கும் நான்கு நான்காக நூற்றுப் பன்னிரண்டு கிளிப்புகளை அவள் தன் கையால் மாட்டுவாள். எந்தக் கிளிப் எந்த ஸ்டாண்டுக்குரியது என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதியிருந்தாள். அறுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருட வேலை. அவள் கொடுத்த தாளில் இதுவரை ஒரு சுரம்கூடப் பிசகியதில்லை. சிரிப்பு எழுந்த அந்த ஒரு நிமிடத்தில் அவள் நாற்பத்து நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். எல்லார் முகமும் வெளிறியிருந்தது. பதினொன்றாம் ஸ்டாண்டில் ஓபோ என்னும் ஊதுகுழல் வாசிப்பவர்களில் முதல்வனான ரோகே அரான்சிபியா மட்டும் கருவியை மடியில் வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஆளுநரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசிப்பதுபோல் நடிக்கச் சொன்னது கலாசாரச் செயலகம். குளிர்காலம் தொடங்கும் மாதமாதலால் குளிரிலும் காற்றிலும் கருவிகளில் சுருதி நிற்காது, தொலைக்காட்சியில் ஒலி சரியாக வராது, ஆகவே முன்பே பதிவான இசை ஒலிபரப்பப்படும், கலைஞர்கள் 'வாசிப்பதற்குரிய அசைவுகளை' மேற்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தவறிக்கூட ஓசை எழக்கூடாது என்பதற்காக வயலின்காரர்கள் பழைய வில்களைத் தேடியெடுத்து, ஓசை பிடிக்க ரோசின் என்னும் பிசின் பூச வேண்டிய வில் மயிரில் சோப்பைத் தடவினார்கள். ரோகே சீவாளியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெறும் மரத்தை வாயில் வைத்துக்கொண்டான். இருபது வருடம் படித்துக் கற்றதை இருபது நிமிடம் மறைத்துக் காட்டுவதற்கு அத்தனை முன்னேற்பாடு. எர்மெலிந்தா எதுவும் சொல்லவில்லை. அவளுடைய கவலை தாள்களைப் பற்றியது.

அந்த இரண்டாம் நடனத்தை இருமுறை வாசிக்க வேண்டும் என்றுதான் அதை எழுதியவர் குறியிட்டிருந்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன், டபுள் பேஸ் வாசித்த இருவருக்குப் பத்தரை மணிக்குக் கடைசிப் பேருந்து இருந்தது. அதைப் பிடிக்க வேண்டுமென்று அன்றைய நடத்துநர் இரண்டாம் முறையை நீக்கினார். எர்மெலிந்தா இருபத்தெட்டுத் தாள்களிலும் அந்தக் குறியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தாள். பேருந்து நின்றுபோயிற்று, அந்த இருவரும் ஓய்வு பெற்றுப் போனார்கள், சிவப்புக் கோடு மட்டும் தங்கிவிட்டது. பதிவில் அந்தக் குறி கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு மே ஏழு, பதினான்கு, இருபத்தொன்று ஆகிய தேதிகளில் செயலகத்துக்கு மூன்று கடிதங்கள் கொடுத்தாள். மூன்றுக்கும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை துணைச் செயலர் ஃபாபியோ செர்வின்யோ அவளைக் கூப்பிட்டனுப்பினான். முப்பத்தைந்து வயது இருக்கும். மேசைமேல் சுடுநீர்க் குடுவையும் மாத்தே என்னும் இலைத்தேநீர்க் குவளையும் இருந்தன.

"ஒரு மாத்தே குடிக்கிறீங்களா, டோன்யா எர்மெலிந்தா?" என்றான், பெயருக்கு முன் மரியாதைச் சொல் சேர்த்து.

"வேணாம். கூப்பிட்ட விஷயத்தச் சொல்லுங்க."

அவன் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினான். இருபத்தைந்தாம் தேதி நிகழ்ந்தது இசைத்தாள் காப்பாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்றும், அதை அவரே ஏற்றுக்கொள்கிறார் என்றும் ஒரே நீண்ட வாக்கியத்தில் எழுதியிருந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தாள்.

"இந்த ஒரு வாக்கியத்துல ரெண்டு பிழை இருக்கு. மூணாவது, இது பொய்."

"ஐயோ டோன்யா, இது என்ன பரீட்சையா? ஒரு கையெழுத்துதானே. ஆளுநர் மாளிகையில யாராவது ஒருத்தர் பேரு கேக்கறாங்க. நீங்களோ ரெண்டு வருஷத்துல ஓய்வு பெறப் போறீங்க. ஒங்கள யாரு என்ன பண்ணிடப் போறா?"

"நான் குடுத்த மூணு கடிதம் எங்க?"

"கடிதமா? இந்தக் காலத்துல யாரு கடிதம் படிக்கிறா? ஒரு போன் பண்ணியிருக்கலாமே." அவன் குவளையில் நீரை ஊற்றினான். "ஜூன் முப்பதோட ஒங்க குழுவுல எட்டுப் பேருக்கு ஒப்பந்தம் முடியுது. இங்க ஒரு பேரு கெடச்சா, அந்த எட்டையும் இந்த வாரமே புதுப்பிச்சிடலாம். கெடைக்கலன்னா எல்லாத்தையும் பரிசீலனைக்கு எடுத்துக்கச் சொல்வாங்க. நான் என்ன பண்ண முடியும்?"

"படிக்க முடியும். அதக்கூடப் பண்ணல நீங்க."

வியாழன் மாலைவரை அவளுக்கு அவகாசம் தரப்பட்டது.

மறுநாள் அரங்கின் அடித்தளத்தில் இருந்த தாள் அறைக்கு ரோகே வந்தான். அவன்தான் கலைஞர்களின் பிரதிநிதி. கையில் ஒரு காகிதப் பை. சூடான மெதியாலூனா ரொட்டியின் வெண்ணெய் மணம் அவனுக்கு முன்னே உள்ளே நுழைந்தது.

"மேசைமேல வைக்காத. தாள்ல எண்ணெய் படும்."

அவன் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "எட்டுப் பேரும் என்னை அனுப்பினாங்க, டோன்யா. அவங்களுக்கு நேர்ல வந்து கேக்க வாய் வரல."

"ஒனக்கு மட்டும் வந்திருச்சு."

"கையெழுத்தப் போட்டுக் குடுத்திடுங்க. முப்பத்தொரு வருஷத்துல நீங்க ஒரு தப்புப் பண்ணீங்கன்னா யாரு நம்பப் போறா? எங்கள்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"நீங்க யாரும் நம்பாத ஒண்ண நான் எழுதிக் குடுக்கணும். அப்படித்தானே?"

அவன் சுவரைப் பார்த்தான். எர்மெலிந்தா கையிலிருந்த அழிப்பானைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், ரோகே. அன்னிக்கி எல்லாருக்கும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. நீ மட்டும் சினிமா பாக்க வந்தவன் மாதிரி கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்த. ஏன்?"

அவன் காகிதப் பையின் வாயை இரண்டு மடிப்பாக மடித்தான்.

"பதிவு செவ்வாக்கெழமையே எனக்கு வந்துச்சு. பிரதிநிதின்னு ஒலிக்காரன் அனுப்பினான். மூணு தடவ கேட்டேன். ரெண்டாம் நடனம் திரும்ப வருதுன்னு தெரிஞ்சுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அவள் கண் மேசைமேல் கிடந்த அழிப்பானுக்குப் போயிற்று.

"ஒக்காந்து இருபத்தெட்டுத் தாள்லயும் செவப்புக் கோட்ட அழிச்சிருப்பீங்க. வெள்ளிக்கெழம நாங்க அழகா ஏமாத்தியிருப்போம். ஒரு வில்லு முன்னப்பின்ன எறங்கியிருக்காது. ஒங்க வேலையிலதான் ஓட்டையே இருக்காதே, டோன்யா. அதுக்குத்தான் பயந்தேன்."

"எட்டுப் பேரோட ஒப்பந்தம்?"

"அந்த யோசனை வரல."

"பழி யார் மேல விழும்னு?"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"அந்த யோசனை வந்திருக்கு" என்றாள் எர்மெலிந்தா. "வந்தும் பேசாம இருந்திருக்க. ஒனக்குக் கோவம் வந்தா நீ எந்திரிச்சு நின்னு, நான் வாசிக்க மாட்டேன்னு மைக்குல சொல்லியிருக்கணும். என் தாளுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வீரம் காட்டியிருக்க. ரொட்டிய எடுத்துட்டுப் போ."

அவன் போன பிறகும் வெண்ணெய் மணம் போகவில்லை. கதவைத் திறந்து வைத்தாள். கோபம் விரல் நுனிவரை வந்து நின்றது. கடிதத்தைப் படிக்காமல் முத்திரை குத்தியவன்மேல் கோபம். தன் பெயரைச் செலவழித்துத் தன் கலகத்தை நடத்திக்கொண்டவன்மேல் அதைவிடப் பெரிய கோபம். அந்தக் கோபத்தை முறைப்படுத்தத்தான் அவள் கடிதங்களின் நகல்களை எடுத்து மேசைமேல் தேதி வரிசையில் வைத்தாள். பிழையற்ற கடிதங்கள். எந்தப் பதிவு, எத்தனையாவது குறி, எத்தனை தாள்களில் திருத்தம் வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் தேவை. மூன்றையும் படித்து முடித்தபோது அவள் காதுகள் சுட்டன. எந்தப் பதிவு என்று மூன்று முறை கேட்டிருந்தாள். ஏன் பதிவு என்று ஒரு முறையும் கேட்கவில்லை. ஏமாற்று வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமென்று மூன்று முறை மன்றாடியிருந்தாள். சோப்புத் தடவிய வில்களுக்கும் தன் அழிப்பானுக்கும் என்ன வேறுபாடு என்று அவளால் சொல்ல முடியவில்லை. ரோகே சொன்னது சரி என்பதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு அவள் செர்வின்யோவின் மேசையில் ஒரு தாளை வைத்தாள். அவன் கொடுத்த தாள் அல்ல. அதில் மூன்று வாக்கியங்கள் இருந்தன: 'தாள்களில் பிழை இல்லை. அவை வாசிப்பதற்காக ஆயத்தம் செய்யப்பட்டவை. அன்று யாரும் வாசிக்கவில்லை.' கீழே முழுப் பெயரும் கையெழுத்தும் தேதியும். ரோகேயின் பெயர் எங்கும் இல்லை. கருணையால் விட்டதல்ல; ஒருவனைக் காட்டிக்கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதும் அவளுக்கு ஒரு பொய்யாகவே பட்டது.

செர்வின்யோ படித்தான். "இத நான் மேல அனுப்ப முடியாது, டோன்யா. அந்த எட்டுப் பேர நெனச்சுப் பாருங்க."

"நீங்க நெனச்சுப் பாருங்க. ஒப்பந்தம் போடறது நீங்க. பெற்றுக்கொண்டதுக்கு முத்திரை போடுங்க."

அவன் முத்திரை போட்டான்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி செயலகத்தின் ஆணை வந்தது. அதன்படி, ஒத்துழைக்காத நடத்தையின் பொருட்டு இசைத்தாள் காப்பாளர் ஓய்வு பெறும்வரை மாகாண நிலப்பதிவு அலுவலகத்தின் கோப்பறைக்கு மாற்றப்பட்டார். எட்டு ஒப்பந்தங்களில் ஐந்து டிசம்பர்வரை நீட்டிக்கப்பட்டன, மூன்று நீட்டிக்கப்படவில்லை. காப்பாளர் பணியிடம் நிரப்பப்படாது என்று முடிவாயிற்று. திறந்தவெளி விழாக்களில் பதிவான இசையே தொடரும். இனி பிழை நேராதிருக்க, ஸ்டாண்டுகளில் தாள் எதுவும் வைக்கப்படாது, மூடிய கறுப்பு உறைகள் மட்டும் வைக்கப்படும். ரோகே அரான்சிபியா எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, பிரதிநிதியாகவும் பதினொன்றாம் ஸ்டாண்டிலும் தொடர்ந்தான். பொறுப்பை ஒப்படைத்த நாளில், பொருள் பட்டியலில் தகரப் பெட்டிக்கு நேரே 'அரசுச் சொத்து அன்று' என்று எர்மெலிந்தா தன் கையால் எழுதி, பெட்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை ஒன்பதாம் தேதி, சுதந்திர நாள் விடுமுறை, அவள் முற்றத்தில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டாள். சதுக்கத்தின் ஒலிபெருக்கி அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. இரண்டாம் நடனம் ஒரு முறை முடிந்து, பிசகில்லாமல் மறுபடி தொடங்கியது. தெற்கத்திக் காற்று விரிப்புகளைக் கப்பல் பாய்போல் உப்பவைத்து இழுத்தது. கயிற்றின்மேல் எண் எழுதிய கிளிப்புகள் ஒன்றிலிருந்து வரிசையாக அவற்றைக் கவ்விப் பிடித்திருந்தன. பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு.