தொண்ணூற்றெட்டில் நின்ற தண்ணீர்

மானுட வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய ஒரு நாளை உலகம் இதுவரை கவனிக்காமல் விட்டுவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறோம். 1997 ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை, முதல் இன்டர்வெலுக்குச் சற்று முன், தேஹு ரோடு என்ற மராட்டிய ஊரில் ராணுவக் கிடங்கின் தமிழ் ஊழியர்கள் கூடி நடத்திவந்த உயர்நிலைப் பள்ளியில் தண்ணீர் கொதிப்பதை நிறுத்திக்கொண்டது.

சூடாகத்தான் செய்தது. தொண்ணூற்றெட்டு டிகிரி வரை ஒழுங்காக ஏறி, அங்கே ஒரு குமிழிகூட விடாமல், கேன்டீன் வரிசையில் நிற்கும் ஓய்வுபெற்ற சுபேதார் மாதிரி அசையாமல் நின்றது. பியூன் கோவிந்தராஜ் ஸ்டவ்வை மாற்றினார், பாத்திரத்தை மாற்றினார், கடைசியில் கடவுளையும் மாற்றிப் பார்த்தார். டீ இல்லாததால் ஆசிரியர்கள் வேறு வழியின்றி வகுப்புகளுக்குப் போனார்கள். மாணவர்களுக்கு அப்போதுதான் நிலைமையின் தீவிரம் புரிந்தது. தலைமையாசிரியர் பத்மநாபன் வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவரே சொல்லி ஊருக்கே தெரியும். அவர் பிரேயரில் தீர்ப்பு வழங்கினார்: “தண்ணி நூறு டிகிரில கொதிக்கும்னு புஸ்தகத்துல இருக்கு. கொதிக்கலேன்னா அது தண்ணியே இல்ல.”

வேதியியல் நடத்திய கிருபாவதி கோர்படியிலிருந்து ரயிலில் வந்துபோகும் தற்காலிக ஆசிரியை. நோட்ஸ் சொல்ல மாட்டார். பெயர் ஒட்டாத ஐந்து வெள்ளைப் பொடிகளை மேசையில் வைத்து, எது எதுவென்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று உட்கார்ந்துவிடுவார். இது வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் நவீன முறை என்பது பத்மநாபனின் கருத்து. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வரப்போகிறார். அன்று நோட்ஸ் காட்டாவிட்டால் பணி நிரந்தரம் கிடையாது, பணியே கிடையாது என்று பத்மநாபன் சொல்லியிருந்தார். கிருபாவதியிடம் நோட்ஸ் இல்லை, கேள்விகள்தான் இருந்தன. புதிதாக ஒன்றை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்தார்: “தண்ணி ஏன் கொதிக்க மாட்டேங்குது? சத்தியமா எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க.”

பிள்ளைகள் கிணற்றுத் தண்ணீர், டேங்க் தண்ணீர், மூன்று தெர்மாமீட்டர் என்று எல்லாம் பார்த்தார்கள். வெறுத்துப்போன தீப்தி, ஸ்டவ்வும் பாத்திரமுமாகக் கேட்டுக்கு வெளியே போய்ப் பற்றவைத்தாள். தண்ணீர் பொங்கி வழிந்தது. “மிஸ், இங்க உபல் ரஹா ஹை! உள்ள வந்தா பந்த்!” என்று ரோட்டிலிருந்து கத்தினாள். அப்படியானால் குற்றம் தண்ணீரில் இல்லை, உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றில். ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்ச் சோதித்தார்கள்: பெஞ்சுகள், மணி, நிறுவனர் படம், பிறகு மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பத்மநாபன். அவர் ஐந்து நிமிடம் ரோட்டில் நின்றும் உள்ளே தண்ணீர் கொதிக்கவில்லை. வகுப்புக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கடைசியில் லேப் அலமாரியை வெளியே தள்ளியதும் உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

அலமாரியில் இருபத்திரண்டு வருஷத்து ரெக்கார்டு நோட்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி: தண்ணீரின் கொதிநிலை, கண்டறிந்தது, நூறு. ஊரோ கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய இரண்டாயிரம் அடி. அங்கே தண்ணீர் தொண்ணூற்றெட்டிலேயே கொதிக்கும். தெர்மாமீட்டரை யாராவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சோதனைக்கு முந்தின நாளே முடிவை எழுதிவிடுவது அந்தப் பள்ளியின் மரபு. “நான் அக்காவைப் பாத்து எழுதினேன் மிஸ், அக்கா பக்கத்து வீட்டு அண்ணனைப் பாத்து எழுதுனா” என்று மாணவன் கிளைவ் தன் பரம்பரையை ஒப்பித்தான். இருபத்திரண்டு வருஷ அவதூறு; தண்ணீருக்கும் ரோஷம் உண்டு.

ஜூலை மழையில் அலமாரியை வெளியே விட முடியாது. உள்ளே இழுத்து வைத்து, வியாழன் முழுக்க நாற்பது பிள்ளைகள் நூறை அடித்துத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினார்கள். ஒரு நோட்டு திருந்தினால் பாத்திரத்தில் ஒரு குமிழி எழுந்தது. வெள்ளிக்கிழமை காலை எல்லா நோட்டும் முடிந்தும் தண்ணீர் முனகியதே தவிரக் கொதிக்கவில்லை. மிச்சம் ஒன்றுதான்: பத்மநாபன் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மாதிரிக்கென்று தன் கைப்பட எழுதிய முதல் ரெக்கார்டு. அது அலமாரியின் மேல் அறையில், பட்டுத்துணியில். சாவி அவர் பூணூலில்.

அதிகாரி வந்து அரைமணி ஆகியிருந்தது. மழையில் நனைந்தவர். “சஹா மிளணார் கீ நாஹீ?” என்று, டீ வருமா வராதா என்பதை மூன்றாம் முறையாகக் கேட்டார். பத்மநாபன் கோவிந்தராஜைப் பார்த்தார். கோவிந்தராஜ் கூரையைப் பார்த்தார்.

“மேடம், நீங்களே திருத்திடுங்கோளேன்.”

“உங்க கையெழுத்து சார். நீங்கதான் எழுதணும்.”

எழுதினார். பாத்திரத்தின் மூடி எகிறி வராந்தாவில் உருண்டது. நாற்பது பிள்ளைகளும் விசிலடித்தார்கள். தமிழ் ஐயாவும் அடித்ததாகக் கேள்வி. அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் எதையும் அளந்து பார்த்த பிறகே எழுதினார்கள். 2003இல் பனிக்கட்டி இரண்டு நாள் உருக மறுத்தபோது யாரும் பதறவில்லை. நோட்டைத் தேடி எடுத்துத் திருத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

கிருபாவதிக்குப் பணி நிரந்தர ஆணை அடுத்த மாதமே வந்தது. அதிகாரி காரணம் எழுதியிருந்தார்: டீ நன்றாக இருந்தது.