பசு நக்கிய இடம்

நாக்கை நீட்டிக்கொண்டு இந்தப் பசு எதை நக்குகிறது?

இந்தக் கேள்வி ஐந்து நாட்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். வந்ததுதான். அந்தப் பக்கம் வைக்கோல் கிடக்கிறதே, அதற்குத்தான் நீட்டுகிறது என்று சொல்லி, எழுந்து நின்ற கேள்வியை அவளே உட்கார வைத்துவிட்டாள்.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் தொழில். கடை அண்ணனுடையது. முன்னால் விற்பனை, பின்னால் பெரிய ஜன்னலை ஒட்டி அவள் மேசை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் தொட்டு, நகத்தளவு இடமாக உருட்டி உருட்டி அழுக்கை எடுப்பாள். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே பஞ்சு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் கணவர் ஒருவர்தான். அவர் விட்டுப் போன பிறகு அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போயிற்று.

மேசை மேல் கிடந்த எண்ணெய் ஓவியத்துக்கு நூற்றைம்பது வயதிருக்கும். தொழுவத்தின் உள்புறம். மூன்று ஆடுகள், கூடைமேல் ஏறிய சேவல், நடுவில் செவலைப் பசு, அதன் காலடியில் ஈரம் காயாத கன்று. அதாவது, போன வாரம்வரை கன்று.

பண்ணைப் படங்கள் சேகரிப்பவர்களுக்கு மாடு கொழுகொழுவென்று இருக்க வேண்டும், படத்தில் குடும்பக் களை வேண்டும். அதற்காக அந்தக் காலத்து வியாபாரிகள் வெற்றிடம் கண்டால் விடமாட்டார்கள். ஒரு நாயையோ குட்டியையோ யாரையாவது வைத்துத் தீட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒட்டுப் பிராணிகளை அவள் எத்தனையோ எடுத்திருக்கிறாள். இந்தக் கன்றின் வாலோரம் பஞ்சை வைத்தாள். நிறம் உடனே கரைந்து வந்தது. பசுவின் மேல் வைத்தாள். பசு அசையவில்லை. வயதான எண்ணெய் வர்ணம் கல்லாக இறுகியிருக்கும், கரைந்தால் அது பின்னால் சேர்த்தது. இருபது வருஷக் கைக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

சில ஓவியர்கள் பளபளப்புக்காக எண்ணெயில் குங்கிலியத்தைக் கலப்பார்கள். அப்படிக் கலந்த இடம் எத்தனை வருஷமானாலும் இறுகாது. இதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தது அன்றைக்குக் கிட்டே வரவில்லை.

இன்று காலை பின்பக்கத்து அட்டையைக் கழற்றியபோது கான்வாஸில் ஒட்டிய சீட்டு ஒன்று தெரிந்தது. படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்ட ஓவியனின் அதே கை, அதே வளைவுகள், ‘பசுவும் தலைச்சன் கன்றும்’ என்று எழுதியிருந்தது.

அவளை உறுத்தியது பிழைகூட அல்ல. கன்றை எடுத்த அந்த இரண்டு நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான். ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் பிடிக்காமல் விட்ட பொய்களுக்கெல்லாம் சேர்த்து அந்தக் கன்றின் மேல் பஞ்சை உருட்டினேனோ என்று கேட்டுக்கொண்டாள். இல்லை என்று சொல்ல உள்ளே ஆளில்லை.

அண்ணன் சீட்டை இரண்டு தடவை படித்தான். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அதுவே பயமாக இருந்தது.

“அந்தப் பஞ்செல்லாம் எங்க?”

“குப்பையில போட்டாச்சுண்ணா.”

“சரிதான். கன்னுக்குட்டியக் குப்பைக்காரன் ஓட்டிட்டுப் போயிட்டான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும்தான்.

அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது. படத்தை விலை பேசி முடித்திருந்த ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். ஊரில் மிச்சமிருக்கும் நாலைந்து சேகரிப்பாளர்களும் அவர் தலையாட்டிய பிறகுதான் எதையும் வாங்குவார்கள். அண்ணன் ஒலிபெருக்கியைத் தட்டினான்.

“என்னப்பா, நம்ம செவலப் பொண்ணு குளிச்சு முடிச்சாளா?”

“ஆச்சு சார்.”

“குட்டி எப்படியிருக்கான்? நாப்பது வருஷம் தொழுவம் தொழுவமா அலைஞ்சிருக்கேன். போட்ட உடனே தாய் நக்குறத இவ்வளவு சரியாப் போட்டவன் எவனும் கிடையாது. அந்தக் குட்டிக்காகத்தான் வாங்குறேன், தெரியுமில்ல?”

அண்ணன் அவளைப் பார்த்தான்.

“ஜோரா இருக்கான் சார். வியாழக்கிழமை வந்து பாருங்க.”

பேச்சு முடிந்ததும் எழுந்துபோய், சுத்தம் செய்யுமுன் எடுத்த புகைப்படத்தைக் கொண்டுவந்து படத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

“அளவெல்லாம் இதுல இருக்கு. உன் கை பட்டா அவருக்கென்ன, வரைஞ்சவனே எழுந்து வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்.”

“மாட்டான்தான்.”

“தாள்ல, அழுக்கு மட்டும் எடுத்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

ஒவ்வொரு படத்தோடும் அப்படியொரு தாள் போகும். எங்கே தொட்டாள், எதை எடுத்தாள், எதை நிரப்பினாள் என்று கடுகளவும் விடாமல் எழுதி அடியில் கையெழுத்திடுவாள். வெறுங்கையோடு வந்து நின்ற அவளை ஒரு கேள்வி கேட்காமல் இந்த ஜன்னலடியில் உட்கார வைத்தவன் அண்ணன். மற்றதெல்லாம் போன பிறகு அவளுடையது என்று மிஞ்சியது அந்தத் தாள் ஒன்றுதான்.

“உண்மைய எழுதினா கன்னுக்குட்டி திரும்பி வந்துடுமா?” என்றான் அவன், அவள் மனதுக்குள் எட்டிப் பார்த்தவன்போல.

“வராது.”

“டாக்டர் போயிட்டா மத்தவங்களும் வரமாட்டாங்க. கடையில்லன்னா இந்த மேசை எங்கே, நீ எங்கே? யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

உண்மையாகவே யோசித்திருந்தாள். எந்தப் பக்கம் போனாலும் சுவர். வரைந்தால் டாக்டர் தினமும் அவளுடைய கன்றைப் பார்த்து, செத்துப்போன ஒருவனைப் புகழ்வார். வரையாவிட்டால் பசு வெறும் வைக்கோலை நக்கிக்கொண்டு நிற்கும், கடை சாத்தப்படும், யாரும் எதற்காகவும் அவளை மெச்சப்போவதில்லை. கன்று மட்டும் இரண்டிலும் இல்லை.

அண்ணன் ஜாடியிலிருந்து மெல்லிய தூரிகையாகத் தேடி எடுத்தான். அவள் எதை எடுப்பாள் என்று அவனுக்கும் பழகியிருந்தது.

“இன்னிக்கு மனசு சரியில்லன்னா நாளைக்கு ஆரம்பி.”

“இல்லண்ணா.”

“நாளன்னிக்கு?”

“நான் வரையமாட்டேண்ணா.”

கேட்கவில்லையோ என்று சந்தேகம் வருமளவுக்கு அவள் மெதுவாகச் சொன்னாள். அவனுக்குக் கேட்டது. தூரிகையை நீட்டியபடியே நின்றான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.