ஐந்தாவது கண்ணாடி

உதவிக்கு வந்து வாசலில் நின்ற ஓவிய ஆசிரியர் இன்ஸ்பெக்டரின் பூட்ஸுக்கும் துணியுறை மாட்டிவிட்டார். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு மாட்டிவிடத்தான் காலையிலிருந்து அவரை அங்கே நிறுத்தியிருந்தது. பழக்கதோஷத்தில் குனிந்தார், இன்ஸ்பெக்டரும் ஏன் என்று கேட்காமல் காலை நீட்டினார். வெளியே, கண்ணாடிச் சுவரை ஒட்டிய சிமெண்ட் தளத்தில், அந்த வீட்டைக் கட்டிய மனிதர் பின்மண்டை பிளந்து கிடந்தார். மேலே போர்த்திய துண்டு சிவந்துகொண்டே வந்தது. ஒருத்தர் கால் தூசியும் உள்ளே வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். செத்த பிறகும் அது நடந்துகொண்டிருந்தது.

மகள் ஐந்தாவது கண்ணாடிக்கு உள்பக்கம் நின்றாள். ஒரு வருடமாக இந்த நாளுக்காக நாயாய் அலைந்தவள் அவள்தான். சென்ற நூற்றாண்டின் அறுபது, எழுபதுகளில் புதுமை என்று கட்டப்பட்ட தட்டைக்கூரை வீடுகள் ஊரில் ஏழு மிச்சமிருந்தன. ஏழு வீட்டுக்காரர்களின் கையைக் காலைப் பிடித்துச் சம்மதம் வாங்கி, தெருமுனைகளில் அம்புக்குறிப் பலகை நட்டு, ஒரே நாளில் எல்லாரும் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள். ஏழாவது வீடு அப்பாவுடையது.

ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டு மனிதர் ஒருவர் நின்று ஒரு கதை சொல்ல வேண்டும் என்பது அவள் வகுத்த முறை. அட்டையைப் படித்தால் வெறும் கட்டடம், வாயால் கேட்டால்தான் வீடு என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறாள். இங்கே அம்மா சொல்லட்டும் என்றது அப்பாதான். அவருக்கு அப்படித் தோன்றியதே என்று மகிழ்ந்துபோனாள். முட்டாள்.

சுவரில் ஒன்பது கண்ணாடிகள். ஐந்தாவதில் மட்டும் லேசாகப் பச்சை ஓடும். அதன் பக்கத்தில் அவள் ஒட்டிய அட்டை சொன்னது: ‘புயலில் உடைந்ததால் பின்னாளில் மாற்றப்பட்டது.’ நாற்பது வருடமாக அந்த வீட்டில் எல்லாரும் சொல்லிவந்தது அதுதான்.

அது உடைந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் தான் சாப்பிடுவதையும் தலை வாருவதையும் பார்க்கிறார்கள் என்று, ஒரு மத்தியானம் அம்மா கண்ணாடிக்குக் குறுக்கே கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். அப்பா வந்தார். விரிப்பைக் கயிற்றோடு பிடுங்கினார். அம்மாவின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு, இந்த வெளிச்சத்துக்காக எத்தனை ராத்திரி உட்கார்ந்து வரைந்தேன் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். முகத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். பிறகு பின்னால் இழுத்து, மூட்டையை வீசுவது போல வீசினார். கண்ணாடி அம்மாவோடு வெளியே போய் விழுந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்த கையில் எலும்பு தெரிந்ததை மகள் மேசைக்கடியிலிருந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அப்பாவும் அம்மாவும் புயல் என்றார்கள். அந்த வாரம் முழுக்க ஓர் இலை அசையவில்லை.

அதெல்லாம் தெரிந்துதான் அட்டையை எழுதினாள். அந்த வீட்டின் அழகை அவளுக்கு விட மனமில்லை. சாய்ந்து விழும் வெளிச்சமும் சுவரோடு சேர்த்துக் கட்டிய பெஞ்சும் அவளுக்கு உயிர். அந்த அழகுக்காக வாயை மூடிக்கொண்டவள் அவள்.

இன்று காலை அப்பா ஏணியில் ஏறிக் கண்ணாடியை வெளியிலிருந்து துடைத்தார். எண்பது வயதிலும் அதை வேறு யார் கையிலும் விடமாட்டார். அம்மா கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். உள்ளே அட்டை ஒட்டிக்கொண்டிருந்த மகளுக்கு மேல் ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது. ஒத்திகை நடந்தது.

"சொல்லு, எப்படி உடைஞ்சது?"

"புயல்ல."

"சத்தமா. பின்னால நிக்கிறவனுக்கும் கேக்கணும்."

"புயல்ல உடைஞ்சது."

"சிரிச்ச முகமா சொல்லேன். எழவு விழுந்த மாதிரி எதுக்குச் சொல்றே?"

ஈரத்துணியைச் சுருட்டி அவள் முகத்தில் அடித்தார். துணி பொத்தென்று விழுந்தது. அம்மா முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மறுபடி ஏணியைப் பிடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள்.

பிடிடி என்று அவர் கத்தினார். அம்மா அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரச் சிமெண்டில் ஏணியின் கால் வழுக்கியது. அவர் கை கண்ணாடியை நகத்தால் பிறாண்டிக்கொண்டே இறங்கியது. சிமெண்ட் படியின் விளிம்பில் மண்டை மோதிய சத்தம் உள்ளே வரை கேட்டது. உடனே சாகவில்லை. கை நீண்டு அம்மாவின் கணுக்காலைப் பற்றியது, நகம் பதியப் பற்றியது. அந்தப் பிடி தளரும் வரை அம்மா அசையாமல் நின்றாள். நன்றாகத் துடைத்த கண்ணாடி, ஒன்றையும் மறைக்கவில்லை. இந்தப் பக்கம் நின்ற மகளும் ஓடவில்லை.

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் இருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார். அவர் விழும்போது கூட யார் இருந்தது என்று தன்மையாகக் கேட்டார். அம்மா தழும்பு ஓடிய கையை மடியில் வைத்திருந்தாள். கணுக்காலில் நாலு நகக்குறி புதிதாக இருந்தது.

"நான்தான் ஏணியைப் பிடிச்சிட்டிருந்தேன். கையை..."

"காத்து சார்," என்றாள் மகள்.

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"திடீர்னு ஒரு காத்து. ஏணி சறுக்கிடுச்சு. அம்மா எவ்வளவோ பிடிச்சுப் பார்த்தாங்க. நான் இங்கேயிருந்து பார்த்துட்டுதான் இருந்தேன்."

அப்பாவின் பொய் இத்தனை லகுவாகத் தன் நாக்கில் ஏறும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கூசியது, ஆனால் திருப்பி வாங்கத் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே மரத்தைப் பார்த்தார். ஓர் இலை அசையவில்லை. எழுந்துபோய் அட்டையை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கண்ணாடியில் இருந்த பச்சையைப் பார்த்தார், திரும்பி அம்மாவின் கையைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்குக் காத்துன்னாலே ஆகாது போல," என்றார். குறிப்பேட்டில் ஏதோ எழுதி மூடினார்.

உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது மணி பதினொன்று. வந்தவர்களை என்ன செய்வது என்று வாசல் பக்கம் ஆசிரியரின் குரல் தடுமாறியது. தெருமுனைப் பலகையைப் பிடுங்கச் சொல்ல மகள் மறந்திருந்தாள். ஆறாவது வீட்டைப் பார்த்து முடித்த கூட்டம் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு வந்து மதிலோரம் நின்றது. முப்பது முகங்கள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தன. ஒருவர் போனைத் தூக்கினார்.

அம்மா எழுந்து அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு படுக்கை விரிப்பு இருந்தது. பார்வையாளர்கள் சாமான்களைத் தொடாமலிருக்கக் கட்டிய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். யாரும் இடம் மாற்றக் கூடாத அப்பாவின் நாற்காலியைத் தரையில் கீறல் விழ இழுத்துவந்து கண்ணாடி அருகே போட்டாள். கயிற்றின் முனையோடு ஏறி, மேல் ஜன்னல் கொக்கியை எட்டப் பார்த்தாள். நாற்காலி ஆடியது.

"பிடிச்சுக்கிறியா?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மகள் தரையில் மண்டியிட்டு, நாற்காலியின் கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.