நியூட்ரலில் எடுக்கும் வண்டி

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஏரிப் பாதையை மூடுவது என் வேலை. பத்தேகாலுக்கு என் மனைவி ஹெல்மி ஒரு பெட்டியையும் தையல் மெஷினையும் பழைய பிக்கப்பின் பின்னால் ஏற்றி, இன்னொரு பெட்டியை முன் இருக்கையில் வைத்து, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி மூச்சே விடவில்லை.

செல்ஃப் எடுக்கவில்லை. முனகல் இல்லை, ஒரு டிக் கூட இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் சந்தோஷம்தானே.

காலைக் காப்பியின்போதுதான் சொன்னாள். அக்கரையில் இருக்கும் தங்கை ஐனோ வீட்டுக்குப் போகிறாளாம், திரும்பி வருவதாக இல்லையாம். ஆறு வருடமாக, பாதை வேலைக்காக அக்கரை விளிம்பைத் தொட்டுத் திரும்புவதைத் தவிர, நான் இந்தத் தீவை விட்டு எங்கும் போகவில்லை. ஐனோவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் இவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் வருகிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியே அந்தக் குளிர்காலத்தை ஓட்டிவிட்டேன். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு திரிகிற கல்லுளிமங்கனோடு இருப்பதும் ஒன்று, தனியாக இருப்பதும் ஒன்று என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னது சரிதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வாசலுக்கு நேரே ஏரி உறைந்து கிடந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தீவில் இருக்கிற முப்பது வீட்டு மரங்களையும் வாங்கி, பனிக்கட்டியில் துளை போட்டு, அக்கரை வரை இரண்டு மைலுக்கு நட்டு வைப்பேன். மூடுபனியில் அந்த மரங்கள்தான் பாதை. மார்ச் வந்தால் பனிக்கட்டி இற்றுப்போகும். நான் அளந்து நாள் குறிப்பேன். அன்று பன்னிரண்டுக்கு மேல் வண்டி போகக் கூடாது, மரங்களையும் எடுத்துவிடுவேன். பிறகு படகு ஓட ஐந்து வாரம் ஆகும்.

அதாவது, வண்டி எடுக்காவிட்டால் ஹெல்மி இன்னும் ஐந்து வாரம் இங்கேதான். ஐந்து வாரத்தில் ஒரு மனசு மாறாதா?

ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். மூடுபனிக்குள் இரண்டு மஞ்சள் வட்டங்கள் பளிச்சென்று மிதந்தன. சாவியைத் திருப்பச் சொன்னேன். வெளிச்சம் துளியும் மங்கவில்லை. பேட்டரியில் குறையில்லை, ஸ்டார்ட்டருக்குக் கரண்டே போகவில்லை என்று அர்த்தம். இந்த வண்டிக்கு வயது முப்பத்தெட்டு. ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கில், அதாவது நிறுத்தி வைக்கும் நிலையில், அல்லது நியூட்ரலில் இருக்கிறது என்று உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் ஒப்புக்கொண்டால்தான் செல்ஃப் எடுக்கும். தேய்ந்துபோன சுவிட்ச் பார்க்கை நம்பாது, நியூட்ரலை நம்பும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுத் திருப்பினால் தீர்ந்தது. ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

பானெட்டைத் திறந்தேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். பளபளவென்று இருந்ததை இன்னும் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் பார்த்துச் செருகினேன். அடியில் படுத்து ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டினேன். அதில் ஒரு குறையும் இல்லை, பாவம், அது என்ன செய்யும்! முதுகுக்குக் கீழே பனி உருகி ஈரம் ஏறியது. ஏரியின் அடியிலிருந்து பனிக்கட்டியின் நீண்ட முனகல் கேட்டது. தலையைத் திருப்பினால், தரையே தெரியாமல் மரங்கள் வரிசையாக அந்தரத்தில் நின்றன, கடைசியில் ஒரு மரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இப்படியே நேரம் நின்றுவிட்டால் என்ன என்று நினைத்தேன். ஹெல்மி ஜன்னலை இறக்கிவிட்டு அதே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

அந்தப் பொறுமைதான் என்னை அறுத்தது. திட்டியிருந்தால் பன்னிரண்டு வரை சுத்தியலைத் தட்டிக்கொண்டே இருந்திருப்பேன். எழுந்து ஜன்னலருகே போனேன்.

"ஹெல்மி, கியரை நியூட்ரல்ல போட்டுத் திருப்பு."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"ஹெட்லைட் போட்டப்பவே."

"எனக்கு டிசம்பர்லேர்ந்து தெரியும். தினம் அப்படித்தானே எடுக்கிறேன்."

"அப்ப ஏன் பார்க்லயே வெச்சுத் திருப்பினே?"

"நீ வாயத் திறக்கிறியான்னு பார்த்தேன். மணி பதினொண்ணே முக்கால். பரவால்ல, திறந்துட்டே."

நியூட்ரலில் முதல் திருப்பிலேயே எடுத்தது. பெல்ட்டைப் போடாமல், இரண்டு ஜன்னல்களையும் முழுக்க இறக்கினாள். பனிக்கட்டி உடைந்தால் வெளியே பாய வழி வேண்டும், ஏரிமேல் எல்லோரும் அப்படித்தான் போவோம். மெதுவாகப் போ என்றேன். தலையசைத்தாள். இரண்டாவது மரம் வரை பின்விளக்கு தெரிந்தது. பிறகு சத்தம் மட்டும், பிறகு அதுவும் இல்லை.

பன்னிரண்டானது. பாதையை மூடுகிறவன் முதலில் அக்கரைக்கு நடந்து போக வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு மரமாகப் பிடுங்கிப் படுக்கவைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர வேண்டும். எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். எந்த முட்டாளும் தன் வீட்டு வழியைத் தனக்குப் பின்னால் மூடிக்கொண்டு போகமாட்டான்.

அடுப்பை அணைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் வாசலுக்கு எதிரே நின்ற முதல் மரத்தை அசைத்துப் பிடுங்கினேன்.

மூன்றாவதைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வீடு இல்லை. வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டாவது எங்கள் வீட்டு மரம். ஹெல்மி கட்டிய சிவப்பு நூல் ஒன்று கிளையில் மிச்சமிருந்தது. அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு மரத்தைச் சாய்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி நடந்தேன் என்று தெரியாது. அடுத்த மரம் மூடுபனியிலிருந்து வரும், அதைச் சாய்ப்பேன், அடுத்தது வரும்.

கடைசி மரத்துக்கு அப்பால் வண்டி நின்றது. ஹெல்மி வண்டிப் படியில் உட்கார்ந்து மடியில் ஃபிளாஸ்க்கை வைத்திருந்தாள்.

"நீ இந்தப் பக்கம் வந்துதானே ஆரம்பிப்பே, ஒரு வாய் காப்பி கொடுத்துட்டுப் போலாம்னு நின்னேன்" என்றாள். எனக்குப் பின்னால் ஏரியைப் பார்த்தாள். அங்கே ஒரு மரமும் நிற்கவில்லை. "தப்பான பக்கத்துலேர்ந்து பிடுங்கிட்டு வந்திருக்கியே, கிழவா. இனி வீட்டுக்கு எப்படிப் போவே?"

"போக முடியாது" என்றேன். "ஐனோ வீட்டுல எனக்கு இடம் இருக்குமா?"

ஆறிப்போன காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த பெட்டியை எடுத்துப் பின்னால் போட்டாள். ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினாள். வண்டி மூச்சு விடவில்லை.

"நியூட்ரல்" என்றேன், உடனே.