யாருக்கும் ஆறு வயது ஆகாத ஊர்

சந்தா ரூஃபினாவில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு குழந்தைக்கும் ஆறு வயது ஆகவில்லை. அந்த ஆண்டுகளில் உப்பு விலை இரண்டு முறை ஏறியது, ஒரு முறை இறங்குவதுபோல் பாவனை செய்தது. கடற்கரைச் சாலைக்குத் தார் போட்டார்கள், கடல் அதைத் தின்றது. மேயர்கள் வந்தார்கள், வீடு கட்டினார்கள், போனார்கள். குழந்தைகள் மட்டும் ஐந்து வயதில் நின்றுகொண்டிருந்தார்கள். காரணம் தெரியாதவர் ஊரில் இல்லை. நகராட்சி மண்டபத்தில் கல்வி மேசை கூடியிருந்தது, அந்தக் கூட்டம் இன்னும் முடியவில்லை.

மேசை என்று ஊர் சொன்னது ஒரு குழுவை. ‘தொட்டில் முதல் சம்பளம் வரை’ என்ற திட்டத்தைப் பேசி முடிக்க நியமிக்கப்பட்ட குழு அது. ஒரு பிள்ளை பால்புட்டியை விட்டதிலிருந்து முதல் சம்பளம் வாங்குவதுவரை வழியில் எங்கும் நழுவிவிடக் கூடாது என்பது நோக்கம். நிகழ்ச்சி நிரலில் குழந்தைப் பருவம் முதலில் இருந்தது. தொடக்கக் கல்வி, உயர்நிலை, தொழிற்பயிற்சி, வேலை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. தலைவர் கல்விச் செயலர் டாக்டர் எவரிஸ்தோ புமரேஹோ. அவர் யாருக்கும் நாடி பிடித்ததில்லை. அந்தக் கரையில் கழுத்துப்பட்டை கட்டியவரெல்லாம் டாக்டர்தான். வணிகர் சார்பில் ஜவுளிக்கடை நாஹூம் சாதித் உட்கார்ந்தார். அவருடைய தாத்தா சிரியாவிலிருந்து ஒரு பெட்டி ஊசியோடு வந்திறங்கி, தெருவில் பாதியை வாங்கிவிட்டுச் செத்தவர். பெற்றோர் சார்பில் பள்ளிச் சீருடை தைக்கிற தியோசெலினா ஓஸ்பினோ. மற்ற நாற்காலிகளில் இருந்தவர்கள் தலையாட்டவும் சாப்பிடவும் வந்தவர்கள், அவர்களுடைய பெயர்களை ஊரே மறந்துவிட்டது.

அந்த நாட்டில் எந்தக் கூட்டத்தையும் கீதம் பாடாமல் தொடங்க முடியாது. தேசிய கீதம், பிறகு மாகாண கீதம், பிறகு ஊர் கீதம். ஊர் கீதத்தில் ஊரை நிறுவிய குடும்பங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும், ஒரு குடும்பத்தை விட்டாலும் வழக்குப் போடுவார்கள். பிப்ரவரி வெயிலில், மின்விசிறி சுற்றாத மண்டபத்தில், நெஞ்சில் கைவைத்து மூன்றையும் நின்று பாடி முடித்த முதல் நாளே டாக்டர் புமரேஹோவின் முழங்கால்கள் வீங்கிவிட்டன. மறுநாளும் இந்தப் பாடு பட வேண்டாமே என்று அன்று சாயங்காலம் அவர் “கூட்டம் முடிந்தது” என்று சொல்லவில்லை. “இடைவேளை” என்றார். மறுநாள் காலை இடைவேளை முடிந்து கூட்டம் தொடர்ந்தது, கீதம் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இது பிடித்துப்போனது. சட்டப்படி ஒரு கூட்டம் என்பது ஒரு நாள். ஆகவே மண்டபத்துக்குள் எப்போதும் அந்தப் பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமைதான். முதல் பொருளான குழந்தைப் பருவம் திறந்தே இருந்தது. அந்தப் பொருளுக்குக் கீழே வருகிற பிள்ளைகள் அதே நாளில் இருந்தார்கள்.

முதலில் கவனித்தது கடைத்தெரு. காலணி விற்பவர்களிடம் பெரிய அளவு கேட்டு யாரும் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடம். முதல் வகுப்பு ஆசிரியை காலியான பெஞ்சுகளுக்கு வருகைப் பதிவு எடுத்தாள், சம்பளம் வர வேண்டுமே. மேல்வகுப்புப் பிள்ளைகள் ஒழுங்காக வளர்ந்து, தேறி, பர்ராங்கியா நகரத்துக்குப் பேருந்து ஏறினார்கள். அவர்கள் விட்டுப்போன வகுப்புகளில் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றாக வௌவால் குடியேறியது. பாலர் பள்ளியோ நிரம்பி வழிந்தது. புதிதாகப் பிறந்தவை ஐந்துவரை வளர்ந்து அங்கே வந்து தேங்கின. சில குடும்பங்கள் பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தன. பெயர் திட்டத்தில் ஏறியிருந்ததால் அங்கேயும் அவை ஐந்தாகவே இருந்தன. அங்கே தனியாக இருந்ததைவிட இங்கே கூட்டத்தோடு இருப்பது மேல் என்று திரும்பிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்தது, அந்த இடத்தில் மறுபடி பால்பல்லே முளைத்தது. விழுந்ததைத் தாய்மார்கள் ஊறுகாய் ஜாடிகளில் போட்டு வைத்தார்கள். பிள்ளைகள் அழுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள், விளையாடுவதையும். மதியத் தூக்கத்துக்குப் பாய் விரித்தால் வரிசையாகப் படுத்துக் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தார்கள். மண்டபத்தில் இடைவேளை மணி அடித்ததும் எல்லாத் தலைகளும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பும். ஒரு பாட்டுப் பாடச் சொன்னால் ஒரே குரலில், ஒரே மூச்சில் பாடி, ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு ஆசிரியையைப் பார்ப்பார்கள். அவள் வாசல் பக்கமாகத்தான் நாற்காலி போட்டு உட்காருவாள்.

நிழல்கள் மட்டும் நிகழ்ச்சி நிரலுக்குக் கட்டுப்படவில்லை. உடம்பு ஐந்தில் நிற்க, நிழல் வளர்ந்தது. தியோசெலினாவின் மகள் கெய்லா நான்கு மணி வெயிலில் பள்ளியிலிருந்து வரும்போது, அந்தக் குட்டிக் கால்களிலிருந்து தோள் அகன்ற, இடுப்பு ஒடுங்கிய ஒரு பெண்ணின் நிழல் சுவரில் ஏறி வரும். தெருவில் சீட்டாடுகிற ஆண்கள் நிழலைப் பார்ப்பார்கள், பிறகு பிள்ளையைப் பார்ப்பார்கள், பிறகு சீட்டைப் பார்ப்பார்கள். தியோசெலினா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அளவு நாடாவைத் தரையில் விரித்து மகளின் நிழலை அளந்தாள். தைக்கவில்லை, அளந்ததோடு சரி. கெய்லா அசையாமல் நிற்பாள். ஒரு முறை நிழலைக் காட்டி, “அம்மா, நான் எப்ப வருவேன்?” என்று கேட்டாள். எங்கே வருவாய் என்று தியோசெலினா திருப்பிக் கேட்கவில்லை.

கல்வி முன்னேற்றக் கணக்கில் ஊருக்கு அவ்வளவு நல்ல காலம் வந்ததே இல்லை. படிப்பை நிறுத்தியவர் எவருமில்லை, தேர்வில் தவறியவர் எவருமில்லை. தலைநகரிலிருந்து ஒரு கேடயம் வந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பிள்ளைகளின் தலையைத் தடவி, தேங்காய்ச் சோறும் வறுத்த மீனும் சாப்பிட்டு, இந்த மாதிரியைத் தங்கள் நாட்டிலும் செய்யப் போவதாகச் சொன்னார்கள். தங்கள் பிள்ளைகளை எவரும் கூட்டி வரவில்லை. கொள்முதல் விலை தெரிந்த வியாபாரி சொந்த வீட்டுக்கு அந்தச் சரக்கை எடுத்துப்போக மாட்டான்.

ஒன்பதாம் ஆண்டு தியோசெலினாவின் இருமலில் ரத்தம் வந்தது. சிஞ்செலேஹோ நகரத்து மருத்துவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அடுத்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டாள் என்றார். புருஷன் எல்லை தாண்டி வெனிசுவேலாவுக்குப் போய்க் காணாமல் போனவன், சொந்தம் என்று சொல்ல வேறு ஆளில்லை. அவள் பேருந்திலிருந்து இறங்கி நேராக மண்டபத்துக்கு வந்தாள். ஒரு பிள்ளையையும் அவசரப்படுத்தக் கூடாது, குழந்தைப் பருவத்தை நிதானமாகப் பேச வேண்டும் என்று முதல் நாள் மேசையில் கேட்டுக்கொண்டவளே அவள்தான். இப்போது உட்காராமலே பேசினாள்.

“டாக்டரே, முதல் பொருள முடிச்சு விடுங்க.”

“முடிக்கலாம் அம்மணி, என்ன அவசரம்? ஊட்டச்சத்துப் பகுதியே இன்னும் பாக்கி.”

“ஊட்டச்சத்தெல்லாம் ஒம்போது வருஷமா உங்க வயித்துக்குத்தான போவுது!”

“இத குறிப்புல ஏத்திடாதீங்கப்பா” என்றார் நாஹூம், தன் வயிற்றைத் தடவிக்கொண்டே. மேசை சிரித்தது. தியோசெலினா இருமினாள், ரத்தக் கறை பட்ட கைக்குட்டையை மேசை மேல் வைத்தாள். சிரிப்பு நின்றது.

“நான் போயிட்டா அஞ்சு வயசுப் புள்ளைய யார் கையில குடுத்துட்டுப் போறது? உங்க கையிலயா? நீங்க அவளுக்கு ஒரு துணைக்குழு போடுவீங்க.”

பிறகு நடந்ததை விவாதம் என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். கடைத்தெருவில் அதற்குப் பேரம் என்று பெயர். டாக்டர் கண்ணாடியைத் துடைத்து, இரண்டாம் பொருளுக்குப் போகலாம், தொடக்கக் கல்வி, அது போதுமா என்றார்.

“ஆறு வயசுப் புள்ள அடுப்பு மூட்டுமா? மேல போங்க.”

“உயர்நிலை?”

“பதினஞ்சு வயசுப் பொண்ண தாயில்லாம இந்த ஊர்ல விட்டுட்டுப் போவவா? இந்த ஊரு ஆம்பளைங்கள எனக்குத் தெரியாதாக்கும். மேல போங்க.”

“தொழிற்பயிற்சி இருக்கு...”

“பயிற்சிக்குச் சம்பளம் உண்டா?”

“அது... படிப்படியா...”

“மேல.”

இந்த இடத்தில் நாஹூம் சாதித் முன்னால் சாய்ந்தார். அவர் கடையில் துணி கிழிக்கிற பையன்கள் எல்லோருக்கும் நரைத்துவிட்டது, புதிய கைகள் ஊரில் முளைக்கவே இல்லை. “டாக்டர், தியோசெலினாம்மா சொல்றதுல ஞாயம் இருக்கு. சில்லறையா எதுக்குக் கணக்குப் பாக்கணும்? கடைசிப் பொருளுக்கே போயிடுவோம். நான் வழிமொழியறேன்” என்றார். தியோசெலினா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே சரக்கை இரண்டு பேரும் விரும்பினால் விலை யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் புமரேஹோ கண்ணாடியை மறுபடி மாட்டினார். “நடுவுல தாண்டிப் போற வருஷங்க என்னாகும்?” என்று கேட்டார். அந்த மேசையில் ஒன்பது ஆண்டுகளில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான் என்று சிலர் சொல்வார்கள். தியோசெலினா சன்னலைப் பார்த்தாள். எதிரே பாலர் பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்சுவரில் அவர்களுடைய நிழல்கள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நின்றன.

“வேற வழியில்ல” என்றாள். “அந்த வருஷங்க இங்கயே இருக்கட்டும்.”

கைகள் உயர்ந்தன. தலைவர் ஐந்தாம் பொருளை, வேலையை, விவாதத்துக்குத் திறந்து வைத்தார். சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டார்.

எதிரே பாலர் பள்ளிக் கதவைத் திறந்துகொண்டு இருபத்திரண்டு வயதுக்காரர்கள் வந்தார்கள். நேற்றுத்தான் ஐந்து தொட்டதும், ஒன்பது ஆண்டு அங்கே கிடந்ததும், எல்லாம் ஒரே வயது. சீருடைகள் தையல் பிரிந்து அரைகுறையாய்த் தொங்கின, போர்த்திக்கொள்ள ஆசிரியை சன்னல் திரைகளைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தாள். யாரும் கூச்சலிடவில்லை. கெய்லா தெருவைக் கடந்து அம்மாவிடம் வந்தாள், அவளைவிட ஒரு தலை உயரமாக. வந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள், தூக்கிக்கொள் என்று. தியோசெலினா அந்த உடம்பை மேலும் கீழும் பார்த்தாள். அளவு நாடா கழுத்தில்தான் தொங்கியது, அவள் அதைத் தொடவில்லை. மகளின் இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. கெய்லா கைகளை மெல்ல இறக்கிக்கொண்டு, பாலர் பள்ளிக் குரலிலேயே, “வேலைக்கு எங்க போகணும்?” என்று கேட்டாள்.

மறுநாளே நாஹூமின் கடையில் துணி கிழித்தாள். நேராகக் கிழிப்பாள், கொசுறு கேட்பவர்களிடம் மயங்கமாட்டாள். அம்மாவுக்குக் கஞ்சி வைத்தாள், எச்சில் பாத்திரம் கழுவினாள், பக்கத்து வீட்டுக்காரனைக் கதவுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினாள். மழை தொடங்கியதும் தியோசெலினா செத்தாள். மகள் தச்சரிடம் பெட்டிக்குப் பேரம் பேசி, பாதிரியாரிடம் மணிக்குப் பேரம் பேசி, ஊர் மெச்ச அடக்கம் செய்தாள். இருபத்திரண்டு வயதில் ஒருத்தி எப்படி அழுவாள் என்று அவளுக்குத் தெரியாததால், ஐந்து வயதுபோலக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கடைக்குப் போனாள்.

தாண்டிப் போன வருஷங்கள் சொன்னபடி மண்டபத்திலேயே இருக்கின்றன. இடைவேளையில் கதவைப் பூட்டினால் உள்ளே கோலிகுண்டு உருளும், வாய்ப்பாடு கேட்கும், மாலையில் பெண்பிள்ளைகள் குசுகுசுத்துச் சிரிப்பார்கள், சில நாள் யாரோ ஒரு பையன் உடைந்த குரலில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பான். கதவைத் திறந்தால் நாற்காலிகள்தான். உறுப்பினர்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

டாக்டர் புமரேஹோ காலமானார், நாஹூம் காலமானார், அவர்களுடைய நாற்காலிகளில் புதியவர்கள் வந்தார்கள். அம்மாவின் நாற்காலியில் கெய்லா உட்காருகிறாள். இன்றைக்கும் அவளுக்கும் அவள் தோழர்களுக்கும் இருபத்திரண்டு வயது. அவர்களுக்குப் பின் பிறந்தவை ஐந்தைத் தொட்ட மதியமே வளர்ந்து வேலைக்குப் போய்விடுகின்றன. கடைகளில் ஆள் பஞ்சமில்லை. ஊர்க் கூலி ஏறவில்லை. ஐந்தாம் பொருள் இன்னும் திறந்திருக்கிறது, கூட்டம் இன்னும் நடக்கிறது. அந்த நாட்டு வழக்கப்படி எல்லா நிகழ்ச்சி நிரலிலும் உள்ளதுபோல, வேலைக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது. ‘மற்றவை.’ அதற்கு நேரே எதுவும் எழுதப்படவில்லை. வேலைக்குப் பிறகு மனிதனுக்கு மிச்சமிருப்பது மூப்பும் சாவும்தான் என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிற உறுப்பினர் யாராவது அந்த வரியில் விரல் வைத்து, இது என்ன, இதற்கு எப்போது போவோம் என்று கேட்க வாய் திறப்பதுண்டு. அப்போது உள்ளே உருளுகிற கோலிகுண்டும் நின்றுவிடும். கெய்லா அவர் விரலை மெதுவாக எடுத்து விடுவாள்.

“இடைவேளை” என்பாள். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போவார்கள்.