கிணத்தடி லேனுக்குள் தேர்

கொட்டாஞ்சேனை வேலாயுதர் கோவில் தேர் இருபத்தேழரை அடி உயரம். யதுஷா அதைத் தன் கையாலேயே அளந்திருந்தாள். கேபிள் கொம்பனியில் சேர்ந்து அவளுக்கு இது மூன்றாவது வருஷம். ஆடித் திருவிழாவுக்கு முன்னால், தேர் போகிற பாதையில் கொம்பனியின் வயர்களை உயர்த்திக் கட்டுகிற பொறுப்பு இந்த முறை அவளிடம் வந்திருந்தது. வெள்ளவத்தையில் வளர்ந்தவள். கோவில் என்றால் வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான்.

வேலை தொடங்க முதலே சிக்கல் வந்துவிட்டது. தேர் வழமையாகப் போகிற பெரிய ரோட்டை வடிகால் வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். திருவிழாவுக்கு முன் மூடமாட்டோம் என்று கையை விரித்தும் விட்டார்கள். மிச்சம் இருந்தது கோவிலுக்குப் பின்னால் ஓடுகிற கிணத்தடி லேன் ஒன்றுதான்.

"அதுக்குள்ள தேர் ஒருநாளும் போனதில்லைப் பிள்ளை," என்றார் தேர்க் கமிட்டித் தலைவர் லோகேஸ்வரன். ஹார்ட்வெயார் கடைக்காரர், பதினெட்டு வருஷமாகத் தேருக்கு அவர்தான் பொறுப்பு. "வயரெல்லாம் தொங்குது. இந்த வருஷம் கோவில் வாசலில ரெண்டு முழம் இழுத்துப்போட்டு விடவேண்டியதுதான்."

"கலசத்தைக் கழட்டிப்போட்டுக் கொண்டு போகேலாதோ அங்கிள்? மூண்டடி குறையும்."

லோகேஸ்வரன் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கருங்கல் தூண்களைத் தாண்டி, கருவறைக்கு மேலே எழும்பி நின்ற விமானத்தைக் காட்டினார். "எண்ணிப் பார். ஐஞ்சு தட்டு. தேரிலயும் ஐஞ்சு தட்டு. உள்ள இருக்கிற கோவில்தான் அண்டைக்கு வெளியில வாறது. கலசத்துக்குப் பூசை செய்து ஏத்தியாச்சு. இனிக் கழட்டுறது தலையைக் கழட்டுற மாதிரி."

யதுஷா அடுத்த நாளே ஒஸ்வால்டை ஏணியோடு கூட்டிக்கொண்டு லேனுக்குப் போனாள். ஒஸ்வால்ட் அவளுடைய லைன்மேன். லேனின் அகலம் பத்தொன்பதடி. தேருக்குத் தாராளமாகப் போதும். வளைவும் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வீடு குறுக்கே பதினொரு வயர்கள். அவற்றுக்கு நடுவே கை மொத்தத்தில் ஒரு கறுப்புக் கேபிள், இருபதடியில் வயிறு தள்ளித் தொங்கியது. அவள் ஃபோனை எடுத்து லோகேஸ்வரனிடம் "ஏலாது அங்கிள்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"தேரு இங்கிட்டு வராதா மிஸ்?"

கேட்டவள் ஆறாயி. மாநகர சபையில் தெருக் கூட்டுகிறவள், அந்த லேனிலேயே குடியிருப்பவள். வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டு நின்றாள்.

"வயர் கூடிப்போச்சு அக்கா. ஒண்டு ரெண்டெண்டால் தூக்கிப் பிடிக்கலாம்."

"டிவி வயர்தானே? கழட்டிட்டுப் பொறவு மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு நாளைக்கு டிவி இல்லையெண்டால் எல்லாரும் ஓமெண்டு சொல்லுவினமே?"

"அத நான் கேக்குறேன். நாங்க வருசா வருசம் சந்தியில போயி நெரிசல்ல நின்னு, யாரு தலைக்கு மேலயோ தட்ட நீட்டுறோம். சாமி இந்த வாசலுக்கு வருதுன்னா ரெண்டு நாளு என்ன, ரெண்டு மாசம் இருப்பாங்க." பிறகு கொஞ்சம் தயங்கி மேலே கையைக் காட்டினாள். "ஆனா அந்தத் தடிச்சது நம்மளது இல்லைங்க. ஒங்க கொம்பனிப் பேருதான் போட்டிருக்கு."

யதுஷா நிமிர்ந்து பார்த்தாள். கேபிளில் கட்டியிருந்த தகட்டில் அவள் சட்டைப் பையில் இருந்த அதே சின்னம். கொம்பனி வரைபடத்தை விரித்தாள். அதில் அந்த இடத்தில் கேபிளே இல்லை. ஒஸ்வால்ட் ஏணியில் ஏறி, கேபிளைத் தொடர்ந்து மதில் மதிலாகப் போனார். எப்போதோ மூடிப்போன அச்சகத்துச் சுவரில், துருப்பிடித்த பெட்டியில் போய் அது முடிந்தது.

"செத்துப்போன லைன் மிஸ்," என்று அங்கிருந்து கத்தினார். "பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும்."

யதுஷாவுக்கு முகம் சுட்டது. ஏலாது என்று சொல்லி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றதில் பெரியது தன் கொம்பனியுடையது.

ஆறாயி அன்று பின்னேரமே வீடு வீடாக ஏறி இறங்கினாள். பத்து வீட்டில் எட்டு வீடு உடனே சம்மதித்தது. ஒன்று பூட்டிக் கிடந்தது. கல்கிசையில் இருந்த அதன் வீட்டுக்காரர் ஃபோனிலேயே சரி என்றுவிட்டார். பியதாச என்ற தையற்காரர் மட்டும் இழுத்தார். தேரன்றைக்குத்தான் கிரிக்கெட் மெச்சாம். ஆறாயி சிங்களத்தில் அவரோடு அரைமணி நேரம் வாதாடினாள். இரண்டாவது இன்னிங்ஸுக்கு முன் வயரை மாட்டித் தருவதாகப் பேச்சு. யதுஷா அதற்குத் தலையாட்டினாள்.

சனிக்கிழமை முழுவதும் அவளும் ஒஸ்வால்டும் வீட்டு வயர்களைக் கழற்றி, செத்த கேபிளை வெட்டி இறக்கினார்கள். லேனுக்கு மேலே முதல்தடவையாக வெறும் வானம் தெரிந்தது. லோகேஸ்வரன் கேள்விப்பட்டு வந்து, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயரிட்டைச் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

தேர் நாள் காலை ஒன்பது மணிக்கு லேன் வாசலில் தவில் அதிர்ந்தது. வீட்டுக்கு வீடு நிறைகுடம், மாவிலை. பூமாலைகளும் வாழைக்குலைகளும் ஆட, சிவப்புச் சேலைகள் காற்றில் உப்ப, தேர் சுவர்களுக்கு நடுவே மெல்ல நுழைந்தது. யதுஷா தேருக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே கலசத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கலசம் ஒன்றிலும் முட்டவில்லை.

நாலாவது வீட்டைத் தாண்டும்போது காலடியில் வெடி போட்டாற்போல ஒரு சத்தம். வடிகானை மூடியிருந்த கொங்கிரீட் பலகை உடைந்து, இடதுபக்கச் சில்லு ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. தேர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. கூட்டம் "முருகா!" என்று அலறியது. சில்லுக்குக் கட்டை போடுகிறவர்கள் பாய்ந்து நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தேர் அசையவில்லை.

யதுஷா சில்லடிக்கு ஓடினாள். மேலே இருந்த ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்தவள் கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

"அங்கிள், பிழை என்ரைதான். நான் நிலத்தைப் பாக்கேல்லை."

லோகேஸ்வரன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சில்லடியில் குந்தியிருந்தார். "பதினெட்டு வருஷம் தேர் இழுத்தவன் நான். நானும் பாக்கேல்லையே," என்றார் நிமிராமல். "அழாமல் பலகை தேடு."

லேன் அதைக் கேட்டுவிட்டது. கதவுப் பலகை வந்தது, தகரம் வந்தது, கட்டில் சட்டம் வந்தது. பியதாச துணி வெட்டுகிற மேசையின் மேற்பலகையையே கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மெச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆண்கள் சில்லுக்கு அடியில் பலகைகளைச் சாய்வாக அடுக்க ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது.

அந்த ஒன்றேகால் மணி நேரமும் முருகன் கிணத்தடி லேனிலேயே நின்றார். ஐயர் தேரில் இருந்து குனிந்து, வீட்டுக்கு வீடு தட்டுகளை வாங்கி அர்ச்சனை செய்தார். பெயர், நட்சத்திரம் எல்லாவற்றையும் அவசரப்படாமல் ஆறுதலாகக் கேட்டார். நடக்க ஏலாதவர்களைக் கதிரையோடு தூக்கிவந்து வாசலில் வைத்தார்கள். ஆறாயி தன் வீட்டுப் படியில் நின்றபடியே தேங்காய் உடைத்தாள். தட்டைத் திருப்பி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் மட்டும் தேரைவிட்டு நகரவில்லை.

"வடத்தைப் பிடியுங்கோ!" என்று லோகேஸ்வரன் கத்தினார்.

யதுஷா தலைக்கவசத்தைக் கழற்றி ஒஸ்வால்டிடம் கொடுத்துவிட்டு வடத்தில் கை வைத்தாள். முன்னால் ஆறாயி, பின்னால் பெயர் தெரியாத யாரோ. முதல் இழுப்பில் அசைவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பலகைகள் கிறீச்சிட, சில்லு மெல்ல ஏறி, தேர் நிமிர்ந்தது. அரோகரா சத்தத்தில் லேனின் சுவர்கள் அதிர்ந்தன. யதுஷாவும் கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரிதென்று அவளுக்கே தெரியாது.

பதினொரு மணிக்குக் கோவிலடி இருப்புக்கு வரவேண்டிய தேர் ஒரு மணிக்கு வந்தது. பச்சைப் பட்டு சாத்தி முருகனை உள்ளே எழுந்தருளச் செய்த பிறகு, அன்னதான மண்டபத்தில் லோகேஸ்வரன் அவளுக்கு எதிரே வந்து குந்தினார்.

"அடுத்த வருஷம் பெரிய ரோட்டு வேலை முடிஞ்சிடும்," என்றார்.

யதுஷா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"எண்டாலும் அந்த லேனுக்கால போகாமல் விட்டால் சனம் எங்களைச் சும்மா விடாது. வடிகான் மூடி எல்லாத்தையும் புதுசாய்ப் போடச் சொல்லி மாநகர சபைக்கு ஒரு கடிதம் எழுதோணும். அளவுகளோட. நீ எழுதித் தாறியோ?"

"ஓம் அங்கிள். நாளைக்கே அளக்கிறன்."

"நாளைக்குத் தீர்த்தம். வந்து கும்பிட்டுப்போட்டு அள."

வெளியே வந்ததும் அவள் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள். "அம்மா, நாளைக்குக் காலமை வெளிக்கிட்டு நில்லுங்கோ," என்றாள். "கொட்டாஞ்சேனைக்குப் போறம்."